வளரும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு படிப்பு மூலை: வாசலில் நின்று பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மதுரையில் வீடு வீடாகப் போய்ப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பது என் வேலை. இந்த இருபது வருஷத்தில் எத்தனையோ வீட்டுக் கூடங்களில், அடுப்படி ஓரங்களில், மாடிப்படிகளில் உட்கார்ந்திருக்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பெற்றோர் கேட்கிற கேள்விகளில் பாதி கணக்கைப் பற்றியதே இல்லை. "எங்க வெச்சு சார் படிக்க வைக்கிறது?" என்பதைச் சுற்றித்தான் இருக்கும். அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றை முதலில் தப்பாகச் சொல்லிவிட்டு, பிறகு திருத்திக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறை. தனி அறை இல்லாமல் அமைதியான இடம் அமையுமா?

அமையும். இதற்கு இரண்டு வீடுகளைச் சொல்கிறேன்.

ஒன்று கே.கே. நகரில், சொந்த வீடு. பையனுக்குத் தனி அறை. ஆசாரியை வைத்துச் சுவர் முழுக்க அலமாரியும் மேசையும் செய்து கொடுத்திருந்தார்கள். நான் போன முதல் நாள் அந்த மேசையைப் பார்த்தேன். இடது பக்கம் இஸ்திரிப் பெட்டி, அதன் மேல் மடித்து வைத்த சட்டைகள். நடுவில் பிரிண்டர். வலது ஓரத்தில் தாத்தாவின் மாத்திரை டப்பா. அப்பாவின் வண்டி இன்சூரன்ஸ் தாளும் அங்கேதான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை கதவு திறந்தது. யாரும் பையனைத் தொந்தரவு செய்ய வரவில்லை, அவரவர் சாமானை எடுக்க வந்தார்கள். பையன் மொட்டை மாடிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்று வில்லாபுரத்தில், வாடகை வீடு, இரண்டே அறை, ஐந்து பேர். ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி. அதில் ஒரு ஸ்டூல், சுவரில் அடித்த பலகை, ஒரு விளக்கு. முன்னால் பழைய சுங்குடிச் சேலையை மடித்துத் தைத்துத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார் அந்தம்மா. திரை மூடியிருந்தால் யாரும் கூப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒரு நாள் அப்பா ஃபிரிட்ஜில் தண்ணீர் எடுக்க வந்தவர், வெளியே நின்று "பாப்பா, வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன் பிறகு எந்த வீட்டிலும் நான் முதலில் பார்ப்பது மேசையை இல்லை, அந்த இடத்துக்குள் யார் யார் கை நீள்கிறது என்பதை.

ஆகவே சதுர அடியை விட்டுவிடுங்கள். பலகை அளவுக்கு ஒரு இடம், அது முழுக்கப் பிள்ளையுடையது, வேறு யார் சாமானும் அங்கே தங்காது. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

வீட்டில் எந்த மூலையைத் தேர்ந்தெடுப்பது?

நீங்களே அந்த இடத்தில் மாலை ஆறு மணியிலிருந்து ஏழு வரை சும்மா உட்கார்ந்து பாருங்கள். போனை எடுத்துப் போகாதீர்கள். மிக்ஸி எவ்வளவு கேட்கிறது, குளியலறைக் கதவு எத்தனை முறை அடித்துக்கொள்கிறது, மோட்டார் போட்டால் சுவர் அதிர்கிறதா, எதிர்வீட்டு டிவி தெரிகிறதா, எல்லாம் புரிந்துவிடும். நான் சொன்னால் நம்பாத பெற்றோர்கூட இதைச் செய்துவிட்டு இடத்தை மாற்றியிருக்கிறார்கள்.

பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கிற இடம் வேண்டாம். பின்னால் யாரோ வந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பிலேயே பாதிக் கவனம் போய்விடும். முதுகுக்குச் சுவரோ பீரோவோ இருந்தால் நல்லது. அப்புறம் மேற்குச் சுவர். மதியத்துக்கு மேல் வெயில் குடித்த சுவர், பிள்ளை படிக்க உட்காரும் நேரத்தில்தான் சூட்டைக் கக்கும். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

மேசை நாற்காலி கட்டாயம் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் உயரம் சரியாக இருக்க வேண்டும். மேசை என்றால் தரையிலிருந்து 28 முதல் 30 அங்குலம், நாற்காலியின் இருக்கை 16 முதல் 18 அங்குலம் என்பது வழக்கமான அளவு. அளவைவிடப் பிள்ளையைப் பாருங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும், எழுதும்போது தோள் மேலே ஏறக் கூடாது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிற குட்டையான பிள்ளை என்றால் காலுக்கு அடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள். அதுவே பெரிய மாற்றம்.

தரையில் சம்மணம் போட்டுப் படிப்பது குறைச்சலான விஷயம் ஒன்றும் இல்லை. பழைய கடைகளில் கணக்குப்பிள்ளைக்குச் சாய்வு மேசை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே வேலையை இன்று ஒரு மடக்கு மேசை செய்கிறது. மேல்பலகை சாய்வாக இருந்தால் கழுத்து அவ்வளவு குனியாது. முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ள ஒரு தலையணை. ஒரே கட்டளை, முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும்.

இடமே இல்லாத வீட்டில், சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை போட்டுக்கொள்ளலாம். முக்கால் அங்குல பிளைவுட், இரண்டடிக்கு ஒன்றரை அடி இருந்தால் ஒரு பாடநூலும் ஒரு நோட்டும் விரித்து வைக்கலாம். வாடகை வீடென்றால் சுவரில் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டிலில் படுத்துக்கொண்டுதான் படிக்கிறான். விடலாமா?

கதைப்புத்தகம் என்றால் விடலாம். கணக்கைப் படுத்துக்கொண்டு போட முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன். இன்னொரு சிக்கல், கட்டில் தூக்கத்துக்கானது என்று உடம்புக்குப் பழகியிருக்கும். அங்கேயே படித்தால் படிக்கும்போது தூக்கம் வரும், தூங்கும்போது பாடம் ஓடும்.

விளக்கு எப்படி இருக்க வேண்டும்?

நம் வீடுகளில் அதிகம் தப்பு நடக்கிற இடம் இதுதான். டியூப்லைட் ஒரு சுவரில் இருக்கும், பிள்ளை அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். தலையின் நிழல் நேராக நோட்டில் விழும். அவன் இன்னும் குனிவான், நிழலும் இன்னும் கறுக்கும். கண்ணாடி போட வேண்டுமோ என்று அம்மா கவலைப்படுவார். விளக்கைத் தொட வேண்டியதில்லை, மேசையைத் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும்.

வலது கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இடது கைக்காரருக்கு வலப்பக்கமிருந்து. மேசை விளக்குக்கு 9 வாட் எல்இடி பல்பு தாராளம். அறை விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கை மட்டும் எரிய விடும் பழக்கம் பல பிள்ளைகளுக்கு உண்டு. இருட்டுக்கும் பளிச்சென்ற தாளுக்கும் மாறி மாறிப் பார்த்தால் கண் சீக்கிரம் களைத்துப்போகும். இரண்டும் எரியட்டும்.

கடையில் பல்பு கேட்டால் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று அச்சடித்த நீலம் கலந்த வெள்ளையைத்தான் எடுத்துத் தருவார்கள். 4000 கெல்வின் கேட்டு வாங்குங்கள், படிக்க இதமாக இருக்கும். இரவு ஒன்பதுக்கு மேல் 3000 கெல்வின் மஞ்சள் விளக்குக்கு மாறினால் தூக்கம் அவ்வளவு கெடாது. மின்வெட்டுக்கு, மின்சாரம் போனாலும் எரிகிற சார்ஜ் பல்பு ஒன்றை அந்த மூலையிலேயே மாட்டிவிடுங்கள். இருட்டில் மெழுகுவத்தி தேடி எழுந்த பிள்ளை மறுபடி வந்து உட்கார அரை மணி ஆகும்.

கண்ணுக்கு இன்னொன்று: இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடி தூரத்தில் இருக்கிற எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் வழியே தெரியும் தண்ணீர்த் தொட்டி போதும்.

மார்ச் மாத வெக்கையில் எப்படிப் படிப்பது?

பொதுத்தேர்வும் வெயிலும் நம் ஊரில் கைகோத்துத்தான் வருகின்றன. மாடி வீடென்றால் இரவு பத்து மணிக்கும் தளம் கொதிக்கும். தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது. வெயில் பட்டதும் திருப்பி அனுப்பிவிடும். முடியாதவர்கள் சாயங்காலம் தளத்தில் தண்ணீர் தெளிக்கலாம்.

மின்விசிறிக்கு நேர் கீழே மேசையைப் போட்டால் தாள் பறக்கும், பிள்ளை ஒரு கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டே எழுதும். கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பழைய மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டால், அடுத்த முறை மாற்றும்போது பிஎல்டிசி வகையைப் பாருங்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும், ஓசையும் குறைவு.

ஏர்கூலர் கேட்கிறீர்களா? மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி வறண்ட வெயில் ஊர்களில் ஜன்னலைத் திறந்து வைத்துப் போட்டால் நன்றாகக் குளிரும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றே ஈரம், கூலர் இன்னும் பிசுபிசுப்பைத்தான் கூட்டும். கொசுவுக்குச் சுருள் கொளுத்திப் பக்கத்தில் வைப்பதை மட்டும் நிறுத்துங்கள். சின்ன மூலையில் அந்தப் புகை பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும். ஜன்னலுக்கு ஒட்டுகிற வலை கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடலாம்.

ராத்திரி மாமியார் சீரியல் பார்ப்பார். டிவியை அணைக்கச் சொல்ல முடியுமா?

சொல்லாதீர்கள். வயதானவருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் நாளில் துணை. அதைப் பிடுங்கினால் பேத்திக்கும் பாட்டிக்கும் நடுவில் தேவையில்லாத பகை வரும். நான் பார்த்த வீடுகளில் பலித்தது நேர ஒப்பந்தம். சீரியல் நேரத்தில் பிள்ளை கை வேலை செய்யட்டும்: படம் வரைவது, ரெக்கார்டு நோட்டு எழுதுவது, நாளைக்குப் பை அடுக்குவது. மனப்பாடமும் கணக்கும் அதற்கு முன்னும் பின்னும். பாட்டிக்குக் காது மந்தம் என்றால் டிவிக்குக் கம்பியில்லாத ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு வீட்டில் பாட்டியே "எனக்கு இப்பத்தான் வசனம் புரியுது" என்றார்.

இதைவிடப் பெரிய சத்தம் எது தெரியுமா? "படிச்சிட்டியா? எத்தனை பாடம் முடிஞ்சுது?" என்று அடுப்படியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிற குரல். டிவியைப் பிள்ளை காதில் வாங்காமல் இருந்துவிடும். இதை முடியாது.

தெருவில் திருவிழா ஒலிபெருக்கி. பரீட்சை நேரத்தில் என்ன செய்ய?

முதலில் விழாக் குழுவில் தெரிந்தவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், பரீட்சை அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு. குழாயை வேறு பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாலே பாதி குறையும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு அனுமதி தரலாம். மீறினால் 100க்கு அழைக்கலாம். ஆனால் அதே தெருவில்தான் நாளைக்கும் இருக்கப் போகிறோம், அதனால் போன் கடைசி வழியாக இருக்கட்டும்.

செல்போனை எங்கே வைப்பது? பள்ளியிலிருந்து பாடமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது.

கவிழ்த்து வைத்தால் போதும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், போனை மேசையில் வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்கள் நினைவு, யோசனைத் திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே அதே அளவு வித்தியாசத்தைக் காட்டவில்லை என்பதும் உண்மை. என் அனுபவத்தில் வேறு அறைதான் பலிக்கிறது. ஆய்வை விடுங்கள், போன் மேசையில் இருக்கும்போது பிள்ளையின் கண் எத்தனை முறை அந்தப் பக்கம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபிரிட்ஜ் மேல் ஒரு கூடை வையுங்கள், சார்ஜர் அங்கேயே இருக்கட்டும். படிப்பு நேரத்தில் பிள்ளையின் போனும் உங்கள் போனும் அந்தக் கூடையில். ஆமாம், உங்கள் போனும்தான். வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை மாலை ஐந்து மணிக்கே நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், அல்லது பக்கத்துக் கடையில் அச்செடுத்துக்கொள்ளட்டும். நேரம் பார்க்கத்தான் போனை எடுத்தேன் என்ற சாக்கு வராமல் இருக்க, மூலையில் ஒரு சாதாரண கடிகாரம் மாட்டுங்கள். டிக்டிக் சத்தம் இல்லாததாகப் பார்த்து.

அக்கா பன்னிரண்டாவது, தம்பி எட்டாவது. ஒரே அறையில் இருவரையும் எப்படி?

எதிரெதிராக உட்கார வைக்காதீர்கள், சிரிப்பு வந்துவிடும். முதுகோடு முதுகாக, அல்லது பீரோவைத் திருப்பிப் போட்டு நடுவில் தடுப்பாக. பீரோவின் பின்பக்கத் தகரத்தில் காந்தம் ஒட்டும், அட்டவணை மாட்டிக்கொள்ளலாம்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விருந்தாளி வந்தால் முதலில் எழுப்பப்படுவது அக்காதான். காபி கொடுக்க, தட்டு எடுக்க, பாய் விரிக்க. தம்பி "படிக்கிறான், விடு" என்று விடப்படுவான். எண்ணற்ற வீடுகளில் பார்த்துவிட்டேன். பெண் பிள்ளையின் இடம் அமைதியாக இருக்க வேண்டுமென்றால் முதலில் இதை மாற்றுங்கள், திரையெல்லாம் அப்புறம்.

சுவரில் என்ன ஒட்டலாம்?

தேர்வு அட்டவணை, மறந்துபோகிற இரண்டு மூன்று சூத்திரங்கள், போதும். கதவின் பின்பக்கம் கரும்பலகை பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் நின்றுகொண்டே கணக்குப் போடலாம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது. போன பரீட்சை மதிப்பெண், அத்தை மகன் வாங்கிய மதிப்பெண், "டாக்டர்" என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டை, இவை வேண்டாம். தலை நிமிரும்போதெல்லாம் திட்டு வாங்குகிற மாதிரி இருக்கும்.

வாஸ்துப்படி கிழக்கு பார்த்து உட்கார வேண்டுமா?

பெரியவர்கள் மனசு நிறையும் என்றால் அப்படியே போடுங்கள், படிப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. காலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தால் மட்டும் ஒரு திரை.

சத்தம் போட்டு, நடந்துகொண்டே படிக்கிறான். ஒரு இடத்தில் உட்கார வைக்க வேண்டாமா?

வேண்டாம். மொட்டை மாடியில் கையில் புத்தகத்தோடு முன்னும் பின்னும் நடந்து படித்துத் தேறிய தலைமுறைகள் நம்முடையவை. வரலாறும் செய்யுளும் வாயால் சொல்லித்தான் சிலருக்குப் பதியும். மாடியையும் அவன் படிப்பு இடத்தில் சேர்த்துவிடுங்கள், அந்த நேரத்தில் கொடியில் துணி உலர்த்த யாரும் குறுக்கே போகாமல். கைப்பிடிச் சுவர் தாழ்ந்திருந்தால் மாடி வேண்டாம், சந்து போதும். பாட்டுக் கேட்டுக்கொண்டு படிப்பது வேறு கதை: வார்த்தை உள்ள பாட்டு, வாசிக்கும் வார்த்தையோடு சண்டை போடும். நாதஸ்வரமோ வீணையோ என்றால் நான் ஒன்றும் சொல்வதில்லை.

ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கிறாள். விடியற்காலை எழுப்புவது நல்லதா?

இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் ஆபத்து. 13 முதல் 18 வயதுவரை தினம் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. பதின்பருவத்தில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது சாக்கு இல்லை. நான்கு மணிக்கு எழுந்து படித்து நீங்கள் தேறியிருக்கலாம், உங்கள் மகளுக்கு அது ஒத்துவர வேண்டும் என்று இல்லை. பத்தரைக்கு விளக்கை அணைத்து ஆறரைக்கு எழுந்தாலும் படிக்க நேரம் இருக்கிறது.

எல்லாம் செய்து கொடுத்தோம். அங்கே உட்கார்ந்தாலே அழுகிறாள்.

அப்போது சிக்கல் இடத்தில் இல்லை. சாப்பாடு குறைந்திருக்கிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா, பிடித்த எதிலும் மனசு போகவில்லையா என்று பாருங்கள். பாடத்தைப் பற்றிப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமனஸ்) ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104ம் உண்டு. பிள்ளையே அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம். "சாகலாம் போல இருக்கு" என்ற மாதிரி ஒரு பேச்சு விளையாட்டாக வந்தாலும் அன்றைக்கே அழையுங்கள்.

வீட்டில் எப்படியும் முடியாது. வேறு வழி?

நூலகம். மதுரையில் நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும், சென்னை கோட்டூர்புரத்தில் 2010 முதல் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் பெரியவை. பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் மைய நூலகம் இருக்கிறது. முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள், கழிவறையும் திரும்பி வரும் பஸ்ஸும் எப்படி என்று பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளில் இந்த இரண்டும் தெரிந்தாலே தயக்கம் பாதி போய்விடுகிறது.

பரீட்சை முடிந்ததும் அந்த இடத்தைக் கலைத்துவிடலாமா?

பிள்ளையைக் கேட்டுவிட்டுக் கலையுங்கள். வில்லாபுரம் வீட்டுக்கு மே மாதம் ஒரு வேலையாகப் போனேன். ஸ்டூலைக் காணோம், பலகை மேல் தையல் சாமான். திரை மட்டும் அப்படியே தொங்கியது, மூடியபடி. "உள்ளே யாரு?" என்றேன். "நான்தான் சார்," என்று அந்தம்மா குரல் வந்தது. "பாப்பா ஒரு மணி நேரம் எனக்குக் கொடுத்திருக்கா."